குட்டி போட்ட நாய்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற ஏரிக்கரை ஊர்களில் எங்கு பார்த்தாலும் ஈரம்தான். ஏரிக்கு நீர் வந்துகொண்டிருக்கும். வயலில் தவளைகள் கத்தும். அந்த நாட்களில் வைக்கோற்போரின் அடியிலோ, பழைய திண்ணையின் மூலையிலோ நாய் ஒன்று குட்டி போட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கண் திறவாத ஐந்தாறு குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சுற்றி நின்று, "அந்த வெள்ளைக்குட்டி எனக்கு!" என்று பங்கு பிரிப்பார்கள். மறுநாள் வெள்ளைக்குட்டி ஒரு வீட்டில் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் கிண்ணம் நிறையப் பசும்பால். மூன்றாம் நாள் பெரும்பாலும் குட்டி உயிரோடு இராது.

"பால் கொடுத்தோமே, ஏன் செத்துப்போயிற்று?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தெரிந்துகொண்டால் பல குட்டிகளைக் காப்பாற்றலாம்.

மேற்கு வங்காளத்திலுள்ள கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி அனிந்திதா பத்ராவின் குழுவினர், தெருநாய்களின் குட்டிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தனர். முடிவுகள் 2016-இல் வெளியாயின. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் வளர்ந்து இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடுதான். மற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் இழப்புக்கு ஏதாவதொரு வகையில் மனிதரே காரணம். வண்டியில் அடிபடுவதும், அடித்துக் கொல்லப்படுவதும், தாயிடமிருந்து தூக்கிச் செல்லப்படுவதும் இதில் அடங்கும். ஆசையோடு தூக்கினாலும் ஆபத்து ஆபத்துதான்.

முதல் தேவை கதகதப்பு

நாய்க்குட்டி சுமார் 63 நாட்கள் தாயின் வயிற்றில் வளர்ந்து பிறக்கிறது. பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதனால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்தால் நமக்கு உடல் நடுங்குகிறது அல்லவா? தசைகள் அப்படி வேகமாகச் சுருங்கி விரிவதால் வெப்பம் உண்டாகிறது. பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு இந்த நடுக்கம் வருவதில்லை. போர்வைபோல் காக்கும் கொழுப்பும் அதன் தோலுக்கடியில் மிகக் குறைவு.

மற்றொரு காரணத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; கன அளவு 1 கன செ.மீ. பக்கத்தை 3 செ.மீ. ஆக்கினால் பரப்பு 54. கன அளவு 27. அதாவது, சிறிய கனசதுரத்தில் ஒவ்வொரு கன செ.மீட்டருக்கும் 6 பங்கு பரப்பு. பெரியதில் 2 பங்குதான். 400 கிராம் குட்டிக்கும் 11 கிலோ தாய்க்கும் எடையில் ஏறக்குறைய இதே 27 மடங்கு வேறுபாடு. வெப்பம் தோலின் பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே எடைக்கு எடை பார்த்தால், குட்டி தாயைவிட மும்மடங்கு விரைவாகக் குளிர்ந்துபோகும்.

வளர்ந்த நாயின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். முதல் வாரக் குட்டிக்கு அது 35 முதல் 37 டிகிரிதான். இதற்கும் கீழே இறங்கினால் குட்டியின் குடல் இயக்கம் தளர்ந்துவிடும். உறிஞ்சும் வலிமையும் போய்விடும். அந்த நேரத்தில் ஊட்டும் பால் செரிக்காமல் வயிற்றில் தங்கும்; இல்லையேல் மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடும். வெள்ளைக்குட்டி செத்ததன் காரணம் இப்போது புரிகிறதா? அதற்கு முதலில் வேண்டியிருந்தது பால் அல்ல; தாயின் வயிற்றுச் சூடு.

எனவே சில்லிட்ட குட்டியைக் கண்டால் முதலில் துணியால் துடைத்து உலர்த்துங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். நெருப்பருகே காட்டக்கூடாது. வாயின் உட்புறம் கதகதப்பாகி, குட்டி சப்பத் தொடங்கிய பிறகே பால்.

தாயும் குட்டிகளும் படுக்கும் இடம் மேடாகவும், நனையாமலும், காற்று நேராக அடிக்காமலும் இருக்க வேண்டும். தரையில் பலகையோ கோணியோ போட்டு, அதன்மேல் பழைய பருத்தித் துணியை விரிக்கலாம். ஈரமான துணியை நாள்தோறும் மாற்ற வேண்டும். முதல் வாரத்தில் அவ்விடம் 30 டிகிரி அளவில் இருப்பது நல்லது. வெப்பமானி இல்லையா? குட்டிகளையே பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்து முனகினால் குளிர்கிறது என்று பொருள். ஆளுக்கொரு பக்கம் விலகிக் கிடந்து கத்தினால் வெக்கை. பக்கத்தில் பக்கத்தில் படுத்து அமைதியாகத் தூங்கினால் எல்லாம் சரி. கத்தரி வெயில் காலத்தில் வெக்கைதான் பகை. அப்போது நிழலும் காற்றும் வேண்டும்.

இரண்டாம் தேவை சீம்பால்

மாடு கன்று ஈன்றதும் கறக்கும் சீம்பாலைக் காய்ச்சிச் சாப்பிட்டிருப்பீர்கள். நாய்க்கும் முதல் ஓரிரு நாட்கள் சுரப்பது சீம்பாலே. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பொருள்களில் பெரும்பங்கைப் பிறக்குமுன்பே நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுவிடுகிறது. நாய்க்குட்டிக்கு அவ்வழியே கிடைப்பது மிகச் சிறிய பங்குதான். மீதி முழுவதும் சீம்பாலில் வர வேண்டும். அதற்கும் ஒரு கெடு உண்டு. பிறந்த சில மணி நேரம் வரை குட்டியின் குடல் இவற்றை அப்படியே இரத்தத்துக்குள் அனுமதிக்கும். பிறகு அந்த வழி மெல்ல அடைபட்டு, ஒரு நாளில் மூடிவிடும். ஆகவே மெலிந்த குட்டி முந்த முடியாமல் திணறினால், முதல் நாளிலேயே அதைத் தாயின் காம்பருகே விடுவது பேருதவி.

நாயின் பாலில் கொழுப்பு சுமார் 9 விழுக்காடு, புரதம் 7 முதல் 8 விழுக்காடு. பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 விழுக்காட்டை ஒட்டியே உள்ளன. அதையும் நீர் கலந்து கொடுத்தால் குட்டிக்கு என்ன கிடைக்கும்? வயிறு நிரம்பும், உடல் வளராது. தாயற்ற குட்டி என்றால் நாய்க்குட்டிக்கென விற்கும் பால் மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே சரி. ஊட்டும்போது குட்டியைக் குழந்தைபோல் மல்லாத்திப் பிடிக்கக்கூடாது. வயிறு கீழே இருக்கப் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் தேவை தாயின் நாக்கு

தாய் ஓயாமல் குட்டிகளை நக்குவது வெறும் பாசம் மட்டும் அல்ல. முதல் இரண்டு மூன்று வாரங்கள் குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டினால்தான் அவை வெளியேறும். தாயற்ற குட்டிக்கு, ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்பும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அவ்விடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் வைத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தாயைக் காத்தால் குட்டிகள் பிழைக்கும்

கதகதப்பு, பால், துப்புரவு ஆகிய மூன்றையும் தருவது தாய்தான். ஆதலால் குட்டிகளுக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த உதவி தாயைக் கவனிப்பதே. மூன்றாம், நான்காம் வாரங்களில் பால் மிகுதியாகச் சுரக்கும். அப்போது அதற்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு தேவைப்படும். சோற்றுடன் முட்டை, மீன், இறைச்சி, தயிர் ஆகியவற்றை நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும், வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், இரண்டும் வேண்டாம். நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

சில அறிகுறிகளைக் கண்டால் தாமதம் கூடாது. ஈன்றபின் சில வாரங்கள் செம்பழுப்பு நிறக் கசிவு இருப்பது இயல்பே. ஆனால் துர்நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். மடி கல்போல் இறுகிச் சிவந்து சுட்டால், மாட்டுக்கு வருவது போன்ற மடிநோய். தாய் நிலைகொள்ளாமல் மூச்சிரைத்து, கால்கள் விறைத்து நடுங்கினால், பாலுக்குச் செலவான சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் குறைந்துவிட்டது என்று பொருள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உங்கள் பாதுகாப்பு

குட்டி போட்ட நாய், பழகியவரையும் சீறும். உணவையும் நீரையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு விலகுங்கள். அறியாத நாயின் குட்டியைத் தொடாதீர்கள். குட்டியோ தாயோ கடித்தாலும் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, பெரியவர்களிடம் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. இதற்கான தடுப்பு மருந்தை லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தியது 1885-இல். நம் கூனூரில் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது 1907-இல். இத்தனை காலமாகத் தடுப்பு இருந்தும் அலட்சியத்தால் உயிர் இழப்பது கொடுமை அல்லவா?

வீட்டு நாய் குட்டி போட்டிருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தாய் இடம் கொடுத்தால், நாள்தோறும் ஒரே நேரத்தில் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதுங்கள். பத்து நாட்களை ஒட்டிப் பிறந்த எடை இரு மடங்காக வேண்டும். ஒரு நாள் எடை ஏறாத குட்டிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை. 10 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். அதன்பின் சில நாட்களில் காது கேட்கும். நான்காம் வாரத்தில் குழைந்த உணவை நக்கத் தொடங்கும். குடற்புழுக்கள் தாயிடமிருந்தே குட்டிக்கு வருவதால் இரண்டாம் வாரம் முதலே புழு மருந்து உண்டு. அவை மனிதருக்கும் தொற்றும் என்பதால், குட்டிகளைத் தொட்டபின் கை கழுவ மறக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். குட்டிகள் பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால், அடுத்த மழையில் நனையப்போகும் குட்டிகளே இரா.

வெள்ளைக்குட்டி வேண்டுமா? தாராளமாக வளருங்கள். ஆனால் எட்டு வாரம் பொறுத்திருங்கள். அதுவரை தாய்க்கு ஒரு பிடி சோறும், நனையாத ஒரு மூலையும் கொடுங்கள்.