மின்கலத்தின் கொள்ளளவை அறிவோம்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவுகிறது. தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரமும் தருகிறது. அதே காற்று ஒரு மரக்கிளையை முறித்து மின்கம்பியின்மேல் போட்டுவிட்டால் தெருவே இருளில் மூழ்கும். அப்போது நமக்குக் கைகொடுப்பவை இன்வெர்ட்டரும் அதனோடு இணைந்த பாட்டரியுமே. அந்தப் பாட்டரி எத்தனை மணி நேரம் உழைக்கும்?

1859-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே, ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய சேமக்கலத்தை உருவாக்கினார். இன்றும் பல வீடுகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே.

பாட்டரியை மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஒப்பிடலாம். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயில் பாயும் நீரின் அளவு ஆம்பியர். தொட்டியின் கொள்ளளவே ஆம்பியர்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 12 × 150 = 1,800 வாட்-மணி ஆற்றல் உண்டு.

இரண்டு மின்விசிறிகளுக்கு 150 வாட், மூன்று விளக்குகளுக்கு 30 வாட், ஆக 180 வாட். 1,800-ஐ 180-ஆல் வகுத்தால் 10 மணி நேரம் வருகிறது. ஆனால் இது ஏட்டுக் கணக்கே. ஈய பாட்டரியை அடிக்கடி முழுவதும் வடித்தால் அதன் ஆயுள் குறையும். எனவே பாதியை மீதி வைப்பது நல்லது. எஞ்சிய 900 வாட்-மணியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்வெர்ட்டரில் வீணாகிறது. மிஞ்சுவது 720. ஆகவே சுமார் 4 மணி நேரமே கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. 150 என்ற அளவு பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக, 7½ ஆம்பியர் வீதம், எடுப்பதற்கே பொருந்தும். வேகமாக எடுத்தால் அவ்வளவும் கிடைக்காது. பாட்டரி பழையதானாலும் கொள்ளளவு குறையும்.

இது வெறும் கணக்குப் பாடமன்று. மூச்சுத் திணறலால் அவதியுறும் பாட்டிக்காக ஒரு வீட்டில் 300 வாட் ஆக்சிஜன் இயந்திரம் ஓடுவதாகக் கொள்வோம். ஏட்டுக் கணக்கு 6 மணி நேரம் என்னும். உண்மையில் 2 மணி நேரத்திற்குமேல் நம்ப இயலாது. அத்தகைய வீட்டில் மருத்துவரைக் கேட்டு, மாற்று ஆக்சிஜன் உருளையையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பாட்டரியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். குழாய் நீர் ஆகாது. மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அருகே நெருப்பை அண்டவிடாமல் காப்போம்.

மாணவியரே! அடுத்த சாரல் காலம் வருமுன் நம் வீட்டுப் பாட்டரியின் கணக்கை நாமே போட்டு, பெற்றோரிடம் காட்டுவோம்.