நர்ஸ் சங்கத்தில் நீங்கள் சேர்ந்தது யாருக்கெல்லாம் தெரியும்?

பிரிட்டனுக்கு வேலைக்குப் போகிற நம் ஊர் நர்ஸ்களுக்கு, போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே சீனியர்களிடமிருந்து இரண்டு அறிவுரைகள் வந்துவிடும். "குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கோ. அப்புறம், மறக்காம யூனியன்ல சேர்ந்துடு."

காரணம் இருக்கிறது. வார்டில் ஒரு தவறு நடந்து விசாரணை என்று கூப்பிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். நோயாளி தரப்பு வழக்கு போட்டால் காப்பீடு வேண்டும். இதற்காகப் பலரும் தேடிப் போகும் இடம் 'ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங்', சுருக்கமாக ஆர்.சி.என். பெயரில் காலேஜ் இருந்தாலும் இது படிப்பு சொல்லித்தரும் கல்லூரி அல்ல. 1916-ல் தொடங்கப்பட்ட செவிலியர் சங்கம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். தொழில் திறனை வளர்க்கும் அமைப்பு, சம்பளத்துக்காகப் போராடும் தொழிற்சங்கம் இரண்டுமே இதுதான்.

இந்த மாதிரி சங்கங்களில் சேர இன்று யாரும் நேரில் போவதில்லை. நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதே போனில் முடித்துவிடலாம். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, மொபைல் எண், எந்த ஹாஸ்பிடல், என்ன பதவி, நர்ஸிங் கவுன்சிலில் பதிவுசெய்த எண், சந்தா கட்ட வங்கிக் கணக்கு விவரம். ஒரு நர்ஸைப் பற்றி வெளியாள் ஒருவர் தெரிந்துகொள்ள விரும்புகிற ஏறக்குறைய எல்லாமே பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதை யோசிக்கிறவர்கள் குறைவு. 'விதிமுறைகளைப் படித்து ஏற்கிறேன்' என்ற பெட்டியில் டிக் அடிப்பவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே படித்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

வீட்டு முகவரி எதற்கு?

எல்லாமே ஆன்லைனில் நடக்கும்போது வீட்டு முகவரி எதற்கு என்று தோன்றும். பிரிட்டனில் அதற்கு வலுவான காரணம் உண்டு. உறுப்பினர்களின் பெயர், முகவரி கொண்ட பதிவேட்டை ஒவ்வொரு தொழிற்சங்கமும் சரியாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அங்குள்ள 1992-ம் ஆண்டுச் சட்டம். வேலைநிறுத்தம் செய்யலாமா என்று உறுப்பினர்களைக் கேட்கும் வாக்குச்சீட்டும், அந்தச் சட்டம் வகுத்த முறைப்படி தபாலில் வீட்டுக்கே வர வேண்டும்.

2022 டிசம்பர் 15, 20 தேதிகளில் ஆர்.சி.என் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தது உலகச் செய்தியானது. சங்கத்தின் 106 ஆண்டு வரலாற்றில் அவ்வளவு பெரிய போராட்டம் நடந்ததே இல்லை. அதற்கான அனுமதி அப்படித் தபாலில் போய்த் திரும்பிய வாக்குச்சீட்டுகளிலிருந்துதான் கிடைத்தது. அந்த அனுமதியின் காலம் முடிந்ததும் இங்கிலாந்தில் மறுபடியும் வாக்கெடுப்பு. 2023 ஜூனில் முடிவு வந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 84 சதவிகிதம் பேர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள். ஆனால் ஓட்டுப் போட்டவர்களே 43 சதவிகிதம்தான். குறைந்தது 50 சதவிகிதம் பேர் ஓட்டளிக்க வேண்டும் என்பது சட்டம். போராட்டம் அத்தோடு நின்றது.

அந்த ஓட்டு ஏன் குறைந்தது என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படலாம். ஆனால் வீடு மாறியதைச் சங்கத்துக்குச் சொல்லாத ஒரு நர்ஸின் வாக்குச்சீட்டு பழைய வீட்டு வாசலில்தான் கிடக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஹாஸ்பிடல் குவார்ட்டர்ஸில் தொடங்கி, பிறகு தோழிகளோடு அறை, குடும்பம் வந்ததும் தனி வீடு என்று மாறிக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே புரியும். தகவலைக் காப்பது என்றால் பூட்டி வைப்பது மட்டுமல்ல, சரியாக வைத்திருப்பதும்தான்.

இதே சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு முன்பு சங்கம் ஹாஸ்பிடல் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எந்தப் பிரிவில், எந்த இடத்தில், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த கதையைப் படித்தால் தெரியும்.

3,213 பேர் கொண்ட கறுப்புப் பட்டியல்

2009 பிப்ரவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் ஒரு சிறிய அலுவலகத்தில் சோதனை நடத்தியது. கிடைத்தது ஒரு ரகசியப் பட்டியல். கட்டடத் தொழிலாளர்கள் 3,213 பேரின் விவரங்கள். யார் எந்த யூனியனில் இருக்கிறார், யார் பாதுகாப்புக் குறைபாடு பற்றிக் கேள்வி கேட்டார், யார் 'பிரச்னை பண்ணுகிறவர்' என்று குறிப்புகள். பெரிய கட்டுமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பணம் கட்டி இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டன. பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்றே பலருக்குப் பல ஆண்டுகள் தெரியாது.

அவர்கள் நர்ஸ்கள் இல்லைதான். ஆனால் யூனியன் உறுப்பினர் என்ற ஒரே ஒரு தகவல், தவறான கைக்குப் போனால் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் அதன் சாரத்தை பிரிட்டன் அப்படியே வைத்துக்கொண்டது. அதில் சில தகவல்களுக்கு மட்டும் கூடுதல் காவல் உண்டு. உடல்நிலை, மதம், இனம், அரசியல் கருத்து, பாலியல் நாட்டம் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். அவற்றோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது, தொழிற்சங்க உறுப்பினர் என்ற தகவல்.

ஆக, ஆர்.சி.என் போன்ற சங்கத்துக்கு உறுப்பினரின் ரத்த வகையோ நோயோ தெரிய வேண்டியதில்லை. 'இவர் எங்கள் உறுப்பினர்' என்பதே ரகசியமாகக் காக்க வேண்டிய தகவல். சங்கம் தன் சொந்த வேலைகளுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உறுப்பினரின் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது.

சந்தா கட்டும் முறையில்கூட இது இருக்கிறது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னால் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போனால் தெரியாது.

சும்மா எட்டிப் பார்த்தாலும்...

சேரவே இல்லை, இணையதளத்தைச் சும்மா பார்த்துவிட்டு வந்தோம் என்றால்? அங்கேதான் பலரும் ஏமாந்துபோகும் விஷயம் இருக்கிறது.

நர்ஸ் சங்கங்களின் இணையதளங்களில் மக்கள் எதைத் தேடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'மேலதிகாரி துன்புறுத்தினால் என்ன செய்வது', 'கர்ப்பமாக இருக்கும்போது நைட் ஷிஃப்ட் பார்க்க வேண்டுமா', 'மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டேன், வேலை போகுமா'. வீட்டில்கூடச் சொல்லாத கேள்விகள். எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதே அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இணையதளம் நம் போனில் வைத்துவிட்டுப் போகும் சின்னக் குறிப்புதான் 'குக்கீ'. லாகின் செய்தவரை மறக்காமல் இருக்க அது தேவை. ஆனால் விளம்பர நிறுவனங்களின் குக்கீகளும், 'பிக்ஸல்' என்ற கண்ணுக்குத் தெரியாத நிரல் துணுக்குகளும் வேறு ரகம். அந்தப் பக்கத்தை யார் திறந்தார் என்ற தகவலை அவை மூன்றாவது ஆளுக்கு அனுப்பிவிடும். தளத்தை நடத்துகிறவருக்கே பல நேரம் இது முழுதாகப் புரிந்திருக்காது. விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று பார்ப்பதற்காக யாரோ ஒருவர் என்றோ சேர்த்திருப்பார்.

கற்பனை இல்லை. 2023-ல் பிரிட்டனின் 'அப்ஸர்வர்' பத்திரிகை நடத்திய புலனாய்வில், அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்ஸின் 20 மருத்துவமனை நிர்வாகங்களின் இணையதளங்களில் 'மெட்டா பிக்ஸல்' இருந்தது வெளியானது. நோயாளிகள் எந்த நோய் பற்றிய பக்கத்தைப் பார்த்தார்கள் என்பது உட்பட ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. செய்தி வந்ததும் அவற்றில் 17 நிர்வாகங்கள் அதை நீக்கிவிட்டதாகச் சொன்னன.

அத்தியாவசியம் இல்லாத குக்கீகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 'ஏற்கிறேன்' என்பதைப் பெரிய பச்சைப் பொத்தானாகவும், 'வேண்டாம்' என்பதை நாலு பக்கம் தாண்டியும் வைத்திருந்த பெரிய இணையதளங்கள் 53-க்கு 2023 நவம்பரில் தகவல் ஆணையர் அலுவலகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பெரும்பாலானவை மாற்றிக்கொண்டன. ஒரு கடிதத்துக்கே மாறிவிடுகிற விஷயத்தை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருக்கலாம்!

நம் ஊரில்?

இதே நர்ஸ் பிரிட்டனுக்குப் போகாமல் இங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே இரண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். அதில்லாமல் வேலை பார்க்க முடியாது. சங்கத்தில் சேர்வது நம் விருப்பம். இந்தியாவின் பழைய சங்கமான டிரெய்ன்ட் நர்ஸஸ் அசோசியேஷன் 1908-லிருந்து இருக்கிறது. அது தவிர மாநில அளவில், மருத்துவமனை அளவில் என்று நிறைய சங்கங்கள்.

தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. 'அந்த 20,000 என்ன ஆச்சு?' என்று ஒரு நர்ஸ் சங்கத்தின் பக்கத்தில் தேடுகிறார், அதுவும் மருத்துவமனையின் வைஃபையில். சங்கத்தில் சேர்ந்ததாலேயே ஷிஃப்ட் மாற்றப்படும், வேலை போகும் என்ற பயம் இங்கே புதிதல்ல.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. லாப நோக்கம் இல்லாத சங்கமும் இதற்குள் அடக்கம். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டத்தில் 'கூடுதல் காவல் வேண்டிய தகவல்' என்ற தனிப் பிரிவே இல்லை. மொபைல் எண்ணும் ஒன்றுதான், சங்க உறுப்பினர் என்பதும் ஒன்றுதான். அங்கே உயிர்நாடியாகக் கருதப்படும் தகவல், இங்கே இன்னொரு வரி மட்டும். இது சட்டத்தின் பெரிய ஓட்டை.

நடைமுறையோ இன்னும் பின்னால் இருக்கிறது. இங்கே பல சங்கங்களுக்கு இணையதளமே பெயருக்குத்தான். வேலையெல்லாம் கூகுள் ஃபார்மிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நடக்கிறது. மாநாட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி லிங்க் வரும். கவுன்சில் பதிவு எண், பணிபுரியும் இடம், சில நேரம் ஆதார் நகல்கூடக் கேட்பார்கள். நிரம்பிய எக்ஸெல் பட்டியல் 'சரிபார்க்கவும்' என்று அதே குரூப்பில் வந்து விழும். அங்கிருந்து அது எங்கெல்லாம் ஃபார்வர்ட் ஆகிறது என்பதை யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். பெயர், பதிவு எண், எத்தனை வருட அனுபவம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, கனடாவில் வேலை, முன்பணம் கட்டுங்கள் என்பார்கள். தன் விவரங்களைச் சரியாகச் சொல்கிறவரை நம்பத்தானே தோன்றும்? (வெளிநாட்டு வேலை என்றால், ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.)

புதிய சட்டத்தில் நமக்குச் சாதகமானவையும் உண்டு. எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறார்கள் என்று தெளிவான அறிவிப்பு தர வேண்டும். அதை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. தேவைக்கு மேல் கேட்டு, நாமும் தெரியாமல் சம்மதம் கொடுத்திருந்தால், அந்தக் கூடுதல் பகுதிக்கு அந்தச் சம்மதம் செல்லாது. சட்டமே இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறது: ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் ஆப், போனிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்டு நாம் 'சரி' சொன்னாலும், சிகிச்சைக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அந்தச் 'சரி' பொருந்தும். மாநாட்டுப் பதிவுக்கு ஆதார் நகல் எதற்கு என்று கேட்க இதுவே போதும்.

கடைசியாக, பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. பி.எஸ்ஸி நர்ஸிங்கில் 17 வயதிலேயே சேரலாம். முதலாம் ஆண்டு மாணவர்களை மாணவர் செவிலியர் சங்கத்தில் சேர்க்கும்போது வகுப்பில் ஒரு தாளையோ லிங்கையோ சுற்றுக்கு விடுவதுதான் வழக்கம். 18 வயது நிரம்பாதவரின் தகவலை டிஜிட்டலாக வாங்க வேண்டுமென்றால், அம்மாவோ அப்பாவோ சம்மதித்ததைச் சங்கம் சரிபார்க்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். 2027 மே மாதத்துக்குப் பிறகு, காலேஜ் திறந்த முதல் வாரத்தில் மகளுக்கு வரும் அந்த லிங்க், வீட்டுக்கும் வந்தாக வேண்டும்.