பொதியும் பொறுப்பும்

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து பெங்களூருக்கு வரும் உறவினர் கையில் சாம்பார்ப் பொடிப் பொட்டலம் ஒன்றேனும் இருக்கும். மிளகாயும் மல்லியும் பருப்பும் தனித்தனியே வந்தால் நாமே வறுத்து அரைத்துக்கொள்ள வேண்டும். பொடியாகவே வந்துவிட்டால் அன்றைக்கே குழம்பு கொதிக்கும். கணிப்பொறி உலகிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதனைப் பொதி மேலாண்மை என்பர். இந்நகரில் மென்பொருள் தொழில் புரியும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் அம்முறையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

நிரல் எழுதுவோர் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி, மூல வரிகளையும் மறைக்காமல் பொதுவுக்கு வழங்கியுள்ள துணை நிரல்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றனர். இவற்றுக்கு லைப்ரரி என்று பெயர். நம் மொழியிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். யூனிகோடு முறையில் கணிப்பொறியோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அதனை ஐந்தாக எண்ணுகிறது. இக்குறையை நீக்கி, எழுத்துகளை முறையாகப் பிரித்துத் தருவது ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் லைப்ரரி. பைதான் என்ற கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது அது.

இத்தகைய ஆக்கங்களுக்குப் பொதுப் பண்டகசாலைகள் உள்ளன. பெர்ல் மொழிக்கு 1995-இலும், பைதான் மொழிக்கு 2003-இலும் அவை ஏற்பட்டன. பைதான் மொழியினர் ‘பிப்’ என்னும் கருவியிடம் பெயரைச் சொன்னால் போதும். அது பண்டகசாலையிலிருந்து அப்பொதியைக் கொணர்வதோடு, அப்பொதி வேறு எவற்றை நம்பி நிற்கிறதோ அவற்றையும் தேடிக் கொணரும். பொடி கேட்டவருக்குப் பெருங்காயத்தையும் மறவாமல் எடுத்து வைக்கும் நல்ல மளிகைக்காரரைப் போன்றது அது.

ஆயினும், எல்லார் வீட்டு அடுப்பும் ஒன்றன்று. ஒருவரிடம் விண்டோஸ், ஒருவரிடம் மேக், மற்றொருவரிடம் லினக்ஸ். கணிதப் பணிக்குரிய ‘நம்பை’ போன்ற லைப்ரரிகளில் சி மொழிப் பகுதிகள் உண்டு. அவை அந்தந்தப் பொறிக்கு ஏற்ப இயந்திர மொழியாக மாற்றப்பட வேண்டியவை. முன்பெல்லாம் பயனாளரே இதைச் செய்ய நேர்ந்து, பாதியில் கைவிட்டோர் பலர். இன்று ஒவ்வொரு வகைப் பொறிக்கும் உரியதை முன்கூட்டியே ஆயத்தம் செய்து பண்டகசாலையில் வைக்கின்றனர். கருவி தன் பொறிக்குரியதைத் தானே தெரிந்தெடுக்கிறது. 2012-இல் தோன்றிய ‘கொண்டா’ இன்னும் ஒரு படி மேலே சென்று, பைதான் அல்லாத துணைப் பொருள்களையும் உடன் கொணர்கிறது. ஒவ்வொரு பணிக்கும் தனிச் சமையலறை போல் தனிச் சூழலும் அமைத்துத் தருகிறது. இந்தியாவின் முதல் பைதான் மாநாடு 2009 செப்டம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எளிதாக வரும் பொருளில் இடரும் உண்டு. 2016 மார்ச்சில், பெயர் பற்றிய ஒரு தகராறில் மனம் கசந்த ஒருவர், ஜாவாஸ்கிரிப்ட் மொழிப் பண்டகசாலையிலிருந்து தம் பொதிகளை நீக்கிவிட்டார். அவற்றுள் ‘லெஃப்ட்-பேட்’ என்பது 11 வரிகளே கொண்டது. அதனை நம்பி நின்ற எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டியமைக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அப்பொதி மீட்கப்பட்டது.

2024 மார்ச்சில் நேர்ந்தது இதனினும் கொடிது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் பொதியைப் பல்லாண்டு தனியே பேணிச் சோர்ந்திருந்தார் ஒருவர். உதவி செய்வதாக வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை பெற்ற மற்றொருவர், அதில் இரகசியப் புறவாயில் ஒன்றைப் புகுத்திவிட்டார். கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆந்திரேஸ் பிராய்ந்த் என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தினார். உலகெங்கும் பரவுமுன் தீங்கு தடுக்கப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பொதியைக் கொணரும் கருவி எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், அப்பொதியைப் பேணும் மனிதரைப் பேண அதனால் இயலாது. அது நம் கடமை. பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனம், இத்தகைய திறமூல ஆக்கங்களுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வழங்கும் நிதியொன்றை 2024 அக்டோபரில் அறிவித்தது. உண்ட வீட்டுக்கு நன்றி பாராட்டும் செயல் இது.

நிதி வழங்க இயலாதோரும் செய்யத்தக்கவை உள. ஒரு எழுத்து மாறிய போலிப் பெயர்கள் உலவுவதால், பொதியின் பெயரைச் சரிபார்த்தே பெறுக. பயன்படுத்தும் பதிப்புகளையும் அவற்றின் அடையாள எண்களையும் எழுதிப் பாதுகாத்திடுக. பிழை கண்டால் ஆக்கியோனுக்குப் பணிவுடன் தெரிவித்திடுக. இயன்றால் திருத்தியும் அனுப்புக. தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணும் ஒரு சிறு லைப்ரரி நாளையும் இயங்க வேண்டுமாயின், அதனைக் காப்போர் நம்மிடையே இருந்தும் வரவேண்டும் அன்றோ?