இணையம் நம் பையில் வைக்கும் சீட்டு

ஓமலூரில் ஒரு வீடு. நான்கு பேருக்கும் ஒரே கைபேசி. காலையில் தாயார் தம் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று ஓர் இணையதளத்தில் தேடிப் படிக்கிறார். மாலையில் மகள் அதே கைபேசியில் தேர்வுச் செய்தி பார்க்க வேறொரு தளத்தைத் திறக்கிறாள். செய்தியின் நடுவே முழங்கால் வலித் தைலத்தின் விளம்பரம்! கீழே நகர்த்தினால் மற்றொன்று. "அம்மாவுக்குக் கால் வலி என்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று மகள் வியக்கிறாள்.

இது நாம் கற்பித்துக்கொண்ட வீடுதான். ஆனால் இத்தகைய அனுபவம் வாசகர்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும். தைல விளம்பரத்தால் பெரிய கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாயார் தேடியது, வீட்டில் எவரிடமும் இன்னும் சொல்லாத ஒரு நோயைப் பற்றியதாக இருந்தால்? அடகில் இருக்கும் நகையை மீட்கக் கடன் எங்கே கிடைக்கும் என்பதாக இருந்தால்? அப்போது அந்த விளம்பரம் ஒரு கோள்சொல்லியாக மாறிவிடும் அல்லவா?

இந்தக் கோள்சொல்லிக்குப் பின்னால் நிற்கும் பொருள்களில் முதன்மையானது 'குக்கி' என்பது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, அதை நாம் எவ்வாறு அடக்கி ஆளலாம் என்பதை இங்குக் காண்போம்.

மறதிக்காரக் கணிப்பொறி

அரசு மருத்துவமனைக்குப் போகும்போது என்ன நடக்கிறது? நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்கள் வருவதால் வாயிலில் இருப்பவருக்கு நம் முகம் நினைவிராது. அதனால் ஓர் எண்ணிட்ட ஓ.பி. சீட்டைத் தருகிறார். மறுமுறை போகும்போது அதைக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். எண்ணைப் பார்த்ததும் பழைய விவரம் தெரிந்துவிடுகிறது. சீட்டு நம்மிடம், பதிவேடு அவர்களிடம். சீட்டைத் தொலைத்துவிட்டால் நாம் மீண்டும் புதிய ஆள்தான்.

இணையத்தின் கதையும் இதுவே. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரின் அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற அறிஞர் உலகளாவிய வலைக்கான திட்டத்தை வகுத்தார். ஒரு பக்கத்தைக் கேட்டால் அதை அனுப்பு. அத்துடன் மறந்துவிடு என்பதே அதன் எளிய விதி. தளத்தை நடத்தும் கணிப்பொறியை வழங்கி என்கிறோம். அந்த வழங்கிக்கு நம் ஒவ்வொரு வேண்டுகோளும் முன்பின் அறியாத ஒருவரின் வேண்டுகோளாகவே தோன்றும்.

கட்டுரைகளைப் படிப்பதற்கு இந்த மறதியால் இடையூறு இல்லை. ஆனால் ஓமலூர்ச் சந்திப்பிலிருந்து பெங்களூருக்கு ரயில் சீட்டுப் பதிவு செய்ய வேண்டுமானால்? முதல் பக்கத்தில் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறோம்; இரண்டாம் பக்கத்தில் பயணியின் பெயரை எழுதுகிறோம்; மூன்றாம் பக்கத்தில் பணம் கட்டுகிறோம். மூன்றையும் செய்தவர் ஒருவரே என்பதை வழங்கி அறியாவிட்டால், பணம் யார் பெயரில் சேரும்?

1994-இல் பிறந்த தீர்வு

இந்தச் சிக்கலை 1994-ஆம் ஆண்டில் தீர்த்தவர் லூ மாண்டுல்லி என்ற அமெரிக்க இளைஞர். அவர் அப்போது நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றினார். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் 'உலாவி' என்ற மென்பொருளைச் செய்த நிறுவனம் அது. எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்றை அமைக்க விரும்பியது. ஆனால் பாதியில் நிற்கும் வாங்கல்களை எல்லாம் தன் வழங்கியில் சேமித்து வைக்க அது விரும்பவில்லை. அப்படியானால் அந்த நினைவை வாடிக்கையாளரின் கணிப்பொறியிலேயே வைத்துவிடலாமே என்று மாண்டுல்லி எண்ணினார்.

கணிப்பொறி வல்லுநர்கள், ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் கொடுத்துத் திரும்பப் பெறும் சிறு அடையாளத் துண்டை அதற்கு முன்பே 'மாயக் குக்கி' என்று வழங்கி வந்தனர். அப்பெயரையே அவர் இதற்கும் இட்டார். குக்கி என்றால் பிஸ்கட்டு வகை ஒன்று. நாம் இதை நினைவுச் சீட்டு என்றே அழைப்போம்.

சீட்டில் என்ன இருக்கும்?

நினைவுச் சீட்டு என்பது சில எழுத்துகளும் எண்களும் கொண்ட சிறு குறிப்பு. ஒரு சீட்டு 4096 பைட்டு அளவில், அதாவது ஏறத்தாழ நாலாயிரம் ஆங்கில எழுத்துகள் கொள்ளும் அளவில் இருக்கலாம். பெரும்பாலும் அதில் நம் பெயரோ முகவரியோ இராது. 'மொழி: தமிழ்' என்பது போன்ற ஒரு விருப்பமோ, நீண்ட எண் ஒன்றோதான் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய விவரம் தளத்தின் பதிவேட்டில் இருக்கும். சீட்டைத் தந்த தளம் எது, அது எந்நாள் வரை செல்லும் என்பனவும் உடன் குறிக்கப்பட்டிருக்கும்.

முதன்முறை நாம் ஒரு தளத்துக்குப் போகும்போது வழங்கி பக்கத்துடன் சீட்டையும் அனுப்புகிறது. உலாவி அதைப் பத்திரப்படுத்துகிறது. அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது, நாம் சொல்லாமலேயே சீட்டை எடுத்து நீட்டுகிறது. ஒரு தளம் தந்த சீட்டை மற்றொரு தளத்துக்கு உலாவி காட்டாது. சீட்டு ஒரு நிரலும் அன்று. ஆகவே அது வைரஸைப் போலத் தானாக இயங்கிக் கேடு செய்ய இயலாது.

சீட்டுகளில் இரு வகை உண்டு. உலாவியை மூடும் வரை மட்டும் இருப்பது ஒரு வகை. குறித்த நாள் வரை தங்குவது மற்றொரு வகை. குரோம் உலாவி 2022-ஆம் ஆண்டு முதல், எந்தச் சீட்டையும் 400 நாள்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் தளத்துக்கு நாம் மீண்டும் போனால் அது புதிய கெடு வைத்துத் தர முடியும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு கணக்கினுள் நுழைந்த பின், நம்மை உள்ளே வைத்திருப்பது இந்தச் சீட்டுதான். யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவரையே வழங்கி உரியவர் என்று எண்ணும். கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யப் பிரௌசிங் சென்டருக்குப் போகும் மாணவர், வேலை முடிந்ததும் சன்னலை மட்டும் மூடிவிட்டு எழுந்தால், அவருடைய சீட்டு அந்தக் கணிப்பொறியிலேயே தங்கிவிடக்கூடும். அடுத்து அமர்பவர் கடவுச்சொல் இல்லாமலேயே அவர் கணக்கினுள் போகலாம். 'வெளியேறு' என்பதை அழுத்திய பிறகே எழுந்திருக்க வேண்டும். நல்ல தளங்கள் அப்போது தம் பதிவேட்டிலும் அந்த எண்ணை அடித்துவிடும்.

மூன்றாம் ஆள்

ஒரு தளத்தின் சீட்டை மற்றொன்று காண முடியாது என்றோம். அப்படியானால் மருத்துவத் தளத்தில் படித்தது செய்தித் தளத்தில் எப்படித் தெரிந்தது? இந்த ஐயம் எழுவது இயல்பே.

கடைவீதியில் துணிக்கடை, மருந்துக்கடை, அடகுக்கடை என்று மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று கடைக்காரர்களும் வாடகை வாங்கிக்கொண்டு, ஒரே விளம்பர நிறுவனத்தின் ஆட்களைத் தம் வாயிலில் உட்கார விடுகிறார்கள். நீங்கள் முதல் கடையில் நுழைகையில் அங்கிருப்பவர் ஓர் எண்ணிட்ட சீட்டை உங்கள் பையில் போடுகிறார். அடுத்த கடையின் வாயிலில் இருப்பவர் அதே சீட்டைப் பார்த்து, 'இந்த எண்காரர் மருந்துக்கடைக்கும் வந்தார்' என்று குறித்துக்கொள்கிறார். மாலையில் எல்லாக் குறிப்புகளும் ஒரே நோட்டில் சேர்கின்றன. உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எண்ணே போதுமானது.

இணையப் பக்கத்தில் உள்ள விளம்பரக் கட்டம் அந்த வாயில் ஆளைப் போன்றது. அது நாம் திறந்த தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வருகிறது. அதைக் கொண்டுவர உலாவி போகும்போது, அந்த நிறுவனம் முன்பு தந்த சீட்டையும் காட்டிவிடுகிறது. இத்தகைய சீட்டுக்கு மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர். மருத்துவத் தளத்திலும் செய்தித் தளத்திலும் ஒரே நிறுவனத்தின் கட்டம் இருந்தால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பது அதற்கு எளிது.

நினைவுச் சீட்டு என ஒன்று இருப்பதே பொதுமக்களுக்கு முதல் இரண்டாண்டுகள் பெரிதும் தெரியாது. 1996 பிப்ரவரியில் லண்டன் 'பைனான்சியல் டைம்ஸ்' நாளிதழ் இதைப் பற்றி எழுதிய பிறகே பேச்சு எழுந்தது. மூன்றாம் தரப்புச் சீட்டுகளை உலாவிகள் தாமாக ஏற்கக் கூடாது என்று 1997 பிப்ரவரியில் வெளியான இணையத் தர ஆவணம் பரிந்துரைத்தது. ஆனால் அன்றைய பெரிய உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. விளம்பர வணிகம் அந்தச் சீட்டின் மேலேயே வளர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தளங்களைத் திறந்தவுடன் 'குக்கிகளை ஏற்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி எழுகிறதே, அது பெரும்பாலும் ஐரோப்பியச் சட்டங்களின் விளைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இது பற்றி விதி செய்து, 2009-இல் முன் ஒப்புதல் வேண்டும் என்று அதைத் திருத்தியது. 2018 மே 25 முதல் அங்குப் பொதுத் தரவுக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே 'சரி' என்று குறியிட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரே அழுத்தம், மறுப்பதற்குப் பல அழுத்தம் என்று பெட்டியை அமைத்திருந்ததற்காக, பிரான்சு நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

நம் நாட்டில், தனிமறைவு அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. தளங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு காலம் வைக்கப்பட்டது.

அச்சட்டத்தில் குக்கி என்ற சொல் இல்லை. ஆயினும் சீட்டின் வழியாக ஒருவரை அடையாளம் காணக்கூடிய தரவைத் திரட்டினால் சட்டம் அதற்கும் பொருந்தும். ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பின்தொடர்ந்து நோட்டமிடுவதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. சில விலக்குகளும் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. புரியாத மொழியில் எழுதிய பெட்டிக்கு நாம் தலையாட்ட வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. ஒப்புதல் பெட்டி எழுந்தால் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை அவசரமாக அழுத்தாதீர்கள். 'மறுக்கிறேன்' அல்லது 'தேவையானவை மட்டும்' என்பது இருக்கிறதா என்று பாருங்கள். மறுத்தாலும் பெரும்பாலான தளங்களைப் படிக்கலாம்.

2. உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் வசதி உண்டு. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் அவற்றைத் தானாகவே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல், ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பெட்டி வைத்துச் சீட்டுகளைப் பிரித்துவிடுகிறது. குரோம் அவற்றை அறவே நீக்கப்போவதாக 2020-இல் அறிவித்து, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோமில் இதை நாமே அமைத்துக்கொள்வது நல்லது.

3. பிறருடன் பகிரும் கைபேசியில் அந்தரங்கமான ஒன்றைத் தேட வேண்டுமானால் 'மறைநிலை' சன்னலைத் திறந்து தேடுங்கள். அதை முழுதும் மூடியவுடன் அதில் சேர்ந்த சீட்டுகள் அழிந்துவிடும்.

4. அவ்வப்போது பழைய சீட்டுகளை நீக்குங்கள். நீக்கினால் தளங்கள் உங்களை மறந்துவிடும். எனவே கடவுச்சொற்கள் நினைவில் உள்ளனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. இ-சேவை மையம், பிரௌசிங் சென்டர், நண்பரின் கைபேசி எங்கானாலும் 'வெளியேறு' என்பதை அழுத்த மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

கணக்கு வைத்திருக்கும் தளம் ஒன்றினுள் நுழையுங்கள். பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் திறந்தால், பெரும்பாலும் கடவுச்சொல் கேட்காது. இப்போது உலாவியின் அமைப்புகளில் அத்தளத்தின் குக்கிகளை நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். உங்களை முன்பின் கண்டறியாதது போல அது கடவுச்சொல் கேட்கும். சீட்டின் வேலை என்ன என்பதை இந்த ஒரு சோதனை விளக்கிவிடும்.

சீட்டுகளை ஒழித்துவிட்டால் நம்மை எவரும் பின்தொடர முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கணக்கினுள் நுழைந்தபடியே உலாவினால், அந்தக் கணக்கே நம் அடையாளம் ஆகிவிடும். திரையின் அளவு, எழுத்துருக்கள், மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கைரேகை போல ஒரு கருவியை இனங்காணும் முறைகளும் உள்ளன. அவை தளத்தின் பக்கம் நடப்பவை. நாம் எளிதில் அழிக்க முடியாதவை. அவற்றுக்குச் சட்டத்தின் காவல்தான் வேண்டும்.

ஆனால் நினைவுச் சீட்டு அப்படியன்று. அது இருப்பது நம் கைபேசியில். வேண்டியதை வைத்துக்கொள்ளவும், வேண்டாததைக் கிழித்தெறியவும், புதியதை வாங்க மறுக்கவும் நமக்கு முடியும். ஓமலூர் வீட்டுத் தாயார், அடுத்த முறை மறைநிலைச் சன்னலில் தம் வலியைப் பற்றித் தேடலாம். அவரது நோயை யாரிடம், எப்போது சொல்வது என்பதை விளம்பரக் கட்டம் அன்று, அவரே முடிவு செய்யட்டும்.