வளைவைப் படிக்க ஒரு பள்ளிக்கூடம்

பினாங்குத் தீவில் மோட்டார் ஓட்டுகிற யாருக்கும் துன் சார்டோன் சாலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலையேறி பாலிக் புலாவில் இறங்கும் அந்தச் சாலையில் வளைவுக்குப் பின் வளைவாக வந்துகொண்டே இருக்கும். அடுத்த வளைவுக்கு அப்பால் லாரி வருகிறதா, சாலையில் மணல் கொட்டிக் கிடக்கிறதா என்பது அங்கே போய்ச் சேர்ந்தால்தான் தெரியும். அதே போன்ற இன்னொரு சாலை தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகிறது. இந்த இரண்டிலும் நல்ல வேகத்தில் போகிற பலருக்கு, வளைவில் மோட்டார் எப்படித் திரும்புகிறது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததே கிடையாது. லைசன்ஸ் தேர்வில் ஒடுக்கமான மேடைமேல் விழாமல் போகச் சொல்வார்கள், கூம்புகளுக்கு இடையே வளைந்து போகச் சொல்வார்கள். இரண்டும் மெதுவான வேகத்தில் செய்யும் வேலைகள். 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவுக்குள் நுழைவது வேறு வித்தை. அதை நாம் சாலையிலேயே, உயிரைப் பணயம் வைத்துப் படித்துக்கொள்கிறோம். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

பந்தயத் தடத்தில் நடக்கும் ஓட்டுநர் பள்ளி இந்தக் குறையை நிரப்புகிறது. பெயரில் பந்தயம் இருப்பதால் பலர் தயங்குகிறார்கள், அல்லது தவறான ஆசையோடு போகிறார்கள். அங்கே யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை, வெற்றிக் கோப்பையும் கிடையாது. பணம் கட்டித் தடத்தில் சொந்தமாக ஓட்டிப் பார்க்கும் ‘டிராக் டே’ நாட்களும் வேறு வகை. பள்ளி என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாடம் உண்டு. முதலில் வகுப்பறையில் அரை மணி நேரம் விளக்குவார்கள். பிறகு தடத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம் அந்த ஒன்றை மட்டும் செய்து பார்க்க வேண்டும். பயிற்றுநர் பின்னால் வந்து கவனிப்பார், சில நேரம் முன்னால் போய்ச் செய்து காட்டுவார். இறங்கியதும் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். பிறகு அடுத்த பாடம். ஒரு நாளில் இப்படி நான்கைந்து முறை நடக்கும்.

இந்த முறையை உலகுக்குப் பரப்பியவர் அமெரிக்கரான கீத் கோட். 1980இல் அவர் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் பல நாடுகளில் வகுப்பு நடத்துகிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் அதன் வகுப்புகள் நடந்திருக்கின்றன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த தடம் அது, நீளம் 3.7 கிலோமீட்டர். அந்தப் பள்ளியின் முதல் பயிற்சி கேட்பவரைத் திகைக்க வைக்கும். ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல், தடம் முழுவதும் சுற்றி வரச் சொல்வார்கள். பிரேக் இல்லை என்றால் நேர்கோட்டில் வெறித்தனமாக முறுக்க முடியாது. அடுத்த வளைவுக்கு எந்த வேகம் பொருந்தும் என்று முன்கூட்டியே கணித்து, ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். வேகத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

ஆக்சிலேட்டர் ஏன் முதல் பாடம்? வளைவுக்குள் பயம் வந்ததும் வலது கை தானாக முறுக்கை விட்டுவிடும். உடனே வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் பாயும், முன் ஃபோர்க் அமுங்கும், சாய்ந்திருக்கும் வண்டி தரைக்கு இன்னும் அருகே வரும். திருப்பும் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் முன் டயருக்கு இப்போது கூடுதல் சுமை. கோட் சொல்லும் விதி இதற்கு நேர் எதிரானது. வண்டியைத் திருப்பி முடித்ததும் ஆக்சிலேட்டரை மெல்லத் திறக்க வேண்டும், வளைவு முடியும் வரை சீராகத் திறந்துகொண்டே போக வேண்டும். அப்போது எடை சிறிது பின்னால் நகரும். முன்சக்கரத்தில் 40 விழுக்காடு, அகலமான பின் டயரில் 60 விழுக்காடு என்று நிற்பது அவர் சொல்லும் கணக்கு. கேட்க எளிது. பயந்த கையை அடக்கிவைக்கத்தான் இத்தனை சுற்றுகளும் வேண்டியிருக்கின்றன.

அடுத்தது திருப்புவது. நடைவேகத்துக்கு மேல் போகும் எந்த மோட்டாரும், கப்சாய் ஆனாலும் ஆயிரம் சிசி ஆனாலும், ஹேண்டலை எதிர்ப்பக்கம் தள்ளுவதால்தான் சாய்கிறது. இடது பக்கம் போக வேண்டுமா, இடது கைப்பிடியை முன்னோக்கி அழுத்துங்கள். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும். இத்தனை ஆண்டுகளும் நாம் அறியாமலே இதைச் செய்துவந்திருக்கிறோம். அறிந்து செய்தால், குழியோ நாயோ குறுக்கே வரும்போது எந்தக் கையை அழுத்துவது என்று குழப்பம் வராது. அரை நொடி மிச்சமாகும். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் கட்டலாம் என்பது என் எண்ணம்.

சாய்வின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி ஏறத்தாழ 30 பாகை சாய வேண்டும். 80இல் போனால் 45 பாகை. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் சாய்வு ஒன்றரை மடங்காகிவிட்டது. வேகம் கூடும்போது தேவைப்படும் பிடிமானம் அதன் வர்க்கத்தில் கூடுவதே காரணம். கப்சாயில் 45 பாகை சாய்வதற்குள் கால்மிதி தரையை உரசத் தொடங்கிவிடும். ‘கொஞ்சம்தானே வேகமாக வந்தேன்’ என்று விழுந்தவர் சொல்வது பொய்யில்லை. அந்தக் கொஞ்சத்துக்கு அவ்வளவு விலை.

கண்ணுக்கான பாடம்தான் கடினமானது. பார்வை எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டி போகும். தடுப்புக் கம்பியைப் பார்த்தால் கம்பிக்கே போவோம். ஆகவே எந்த இடத்தில் திருப்புவது, எந்த இடத்தில் உள்விளிம்பைத் தொடுவது என்று தடத்தில் அடையாளங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். முதல் அடையாளத்தை எட்டுவதற்கு முன்பே பார்வை அடுத்ததற்குத் தாவியிருக்க வேண்டும்.

பினாங்கில் நிரந்தரமான பந்தயத் தடம் இல்லை. 1994இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் போட்டியின் சுற்றுகள் பத்து காவானில் தற்காலிகத் தடம் அமைத்து நடந்திருக்கின்றன. அந்தக் கப்சாய்ப் பந்தயங்களில் வளர்ந்த ஹாஃபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோஜிபியின் உச்சப் பிரிவில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார். நமக்கு வகுப்பு என்றால் பெரும்பாலும் செப்பாங்தான். ஜார்ஜ் டவுனிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஜெர்மானியரான ஹெர்மன் டில்கே வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15.

அதன் முதல் வளைவையே நல்ல ஆசிரியர் என்பேன். வலப்பக்கம் நீளமாகத் திரும்பி, உள்ளே போகப் போக இறுகிக்கொண்டே வரும், உடனே இடப்பக்கம் இரண்டாவது வளைவு. அவசரப்பட்டு முன்கூட்டியே உள்விளிம்புக்குப் போனவர்களை அது வெளியே தள்ளிவிடும், இரண்டாவது வளைவுக்குத் தவறான இடத்தில் நிற்பார்கள். பொறுத்திருந்து, வளைவின் உள்ளே தெரிந்த பிறகு திருப்பியவர்களுக்கு வழி கிடைக்கும். செப்பாங்கில் தவறினால் அகலமான தடமும் அதற்கு அப்பால் சரளைப் பரப்பும் இருக்கின்றன. துன் சார்டோனில் இடது வளைவில் அதே அவசரத்தைக் காட்டினால் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லாரியின் முன்னால் போய் நிற்போம். வலது வளைவில் காட்டினால், தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டியிருக்கும், பிறகு வண்டி ஓரச் சாக்கடைக்குப் போகும். மலைச்சாலையில் ஓட்டுகிறவர் இந்தப் பொறுமையைச் செப்பாங்கில் கற்றுக்கொண்டு வந்தால் போதும், மற்றவை பிறகு.

கொடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் எல்லாரும் வேகத்தைக் குறைத்து பிட்டுக்குத் திரும்ப வேண்டும். கறுப்பு காட்டினால் உங்களைத்தான் உள்ளே அழைக்கிறார்கள். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தடம் வழுக்குகிறது. கட்டம் போட்டது முடிவு.

உடையில் சமரசம் வேண்டாம். லெதர் சூட், இரண்டு துண்டாக இருந்தால் இடுப்பில் ஜிப்பால் இணையக்கூடியது, முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட். வாங்குவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள், சிலர் வாடகைக்குத் தருவார்கள். செப்பாங் வெயிலில் இந்த உடைக்குள் உடல் வெந்துபோகும், தண்ணீர் முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும். தலை சுற்றினால் ஒரு சுற்றை விட்டுவிடுங்கள். பிற்பகல் மழையும் வழக்கம். வண்டியில் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளை டேப் ஒட்டி மறைக்கச் சொல்வார்கள். பிரேக் பட்டை, டயர், செயின், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை பினாங்கிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் சோதனையில் திருப்பி அனுப்பினால் 400 கிலோமீட்டர் வீண். வழக்கமான மோட்டார் காப்புறுதி பந்தயத் தடத்தில் நடப்பதற்குப் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை. பாலிசியை வாசித்துவிட்டு, தனி விபத்துக் காப்புறுதி பற்றி முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த வண்டியைக் கொண்டு போவது? தினமும் ஓட்டுகிற வண்டியைத்தான். நண்பரின் பெரிய மோட்டாரை இரவல் வாங்கினால் நாள் முழுவதும் அதன் இழுவைக்குப் பயப்படுவதிலேயே கழியும். 150 சிசியோ 250 சிசியோ இருந்தால் பிழைகள் பளிச்சென்று தெரியும். சிறிய வண்டிகளை எல்லா வகுப்புகளிலும் சேர்ப்பதில்லை, அதையும் முன்பே விசாரியுங்கள். முழு வேகத்தில் போனால் மூளை பயத்தைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும், பாடத்துக்கு இடம் இராது. ஆகவே நம்மால் முடிந்த வேகத்தில் முக்கால் பங்கில் ஓட்டச் சொல்வது இந்தப் பள்ளிகளின் வழக்கம்.

திரும்பி வந்ததும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. தடத்தில் எதிரே வண்டி வராது, சந்து இல்லை, பார்க்காமல் கதவைத் திறக்கும் கார் இல்லை. ஜெலுத்தோங் பக்கம் அதிவேகச் சாலையில் நள்ளிரவில் பந்தயம் ஓட்டும் பையன்களுக்கு இந்தப் பள்ளி அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. அவர்களில் யாராவது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், திட்டுவதோடு நிறுத்தாமல் செப்பாங் கட்டணத்தைக் கட்டி அனுப்பிவைக்கலாம் என்றே நினைக்கிறேன்.

வகுப்பு முடிந்த அன்றே வடக்கு நோக்கி ஓட்டாதீர்கள். கழுத்து, தொடை, முன்கை எல்லாம் களைத்திருக்கும், நாள் முழுவதும் தண்ணீர் இழந்த உடல் வேறு. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைப் பகுதியில் நெடுஞ்சாலை சரிவும் வளைவுமாக இறங்குகிறது, கனரக லாரிகளும் அதே பாதையில்தான் இறங்கும். இரவு செப்பாங் பக்கமே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் லாரி வாடகைக்கு எடுத்து மோட்டார்களை ஏற்றிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.