மாப்பிள்ளைக்கு ஏழு குடை... கிளாரினெட்டுக்கு?

போன ஐப்பசியில் எங்க தெருவுல மாப்பிள்ளை அழைப்பு. முன்னாடி பேண்டு செட், பின்னாடி கார். மண்டபத்துக்கு நாலு தெரு பாக்கி இருக்கும்போது பிடிச்சுது பாருங்க மழை! மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்க ஏழு பேர். கிளாரினெட் வாசிச்ச அண்ணனுக்கு ஒருத்தரும் இல்லை. யூனிஃபார்ம் கோட்டுக்குள்ள வாத்தியத்தைச் சொருகிக்கிட்டு ஓடினார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கீயை அழுத்தினா 'சப்'புனு ஒட்டிக்குது. மேல் பாகத்தில் முடி மாதிரி ஒரு கோடு. "ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் தம்பி. இது பேசலைன்னா அன்னிக்குக் கூலி இல்லை" என்றார். ரெண்டு பேரும் ரிப்பேர் கடைக்குக் கிளம்பினோம்.

விரிசல் ஏன்?

நல்ல கிளாரினெட்டுகள் டான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளரும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யப்படுகின்றன. ஊதும்போது மூச்சின் சூடும் ஈரமும் பட்டு உட்புறம் உப்பும். வெளிப்புறம் குளிர்ந்தோ காய்ந்தோ கிடந்தால் அது உப்பாது. உள்ளே இருப்பது தள்ள, வெளியே இருப்பது இழுபட, நார் வழியே மரம் பிளக்கும். செமஸ்டரில் என்னைப் படுத்தின அதே 'ஹூப் ஸ்ட்ரெஸ்'தான்! வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் மேல் பாகம்தான் முதலில் அடிவாங்கும்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "ஆழமில்லை, பொழைச்சுது" என்றவர், விரிசலில் சூப்பர் க்ளூ விட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். ஊறிப்போன நாலு பேடுகளை மாற்றினார். பிறகு மேல் பாகத்தின் துளைகளை எல்லாம் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சினார். உள்ளே வெற்றிடம் நின்றால் லீக் இல்லை. பைசா செலவில்லாத டெஸ்ட்!

அவர் கொடுத்த மழைக்கால டிப்ஸ்:

* நனைந்ததும் பாகம் பாகமாகக் கழற்றி, உள்ளே துணி விட்டு இழுங்க. மூட்டுகளையும் துடைங்க. ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீங்க.

* மூட்டு உப்பிப்போய்க் கழலலைன்னா முறுக்காதீங்க. காயும்வரை பொறுங்க.

* வெயிலும் ஹேர் டிரையரும் கூடவே கூடாது. நிழலில் மெதுவாகக் காயணும்.

* பேடு ஒட்டினால், அடியில் சிகரெட் பேப்பரோ டிஷ்யூவோ வைத்து, கீயை மெல்ல அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்க. அழுத்திக்கிட்டே இழுத்தால் மெல்லிய தோல் கிழியும்.

* ஸ்பிரிங் இரும்பு, துருப்பிடிக்கும். ஈரத்தை ஒற்றிவிட்டு, கீ சுழலும் முனையில் மட்டும் ஒரு சொட்டு கீ ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைஞ்சுடும்!

* ரீடைத் தட்டையாக வைத்துக் காயவிடுங்க. இல்லைன்னா நெளிஞ்சுடும்.

"மழையில வாசிச்சே ஆகணும்னா பிளாஸ்டிக், இல்லைன்னா எபோனைட் வாங்கிக்க. சத்தம் கொஞ்சம் மாறும். ஆனா வெடிக்காது" என்றார் கடைசியாக.

திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்த வாத்தியம் இது. அவருக்கு 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. அதே வாத்தியம்தான் நம்ம தெருவில் நனைஞ்சுக்கிட்டு நடக்குது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வாசிச்சார். கோடு பிரியலை. பிளாஸ்டிக் கிளாரினெட்டுக்குச் சீட்டுப் பணம் சேர்த்துக்கிட்டு இருக்கார்.

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த ஊர்வலத்தில் மழை வந்தா, எட்டாவது குடையை யாருக்குப் பிடிக்கணும்னு இப்போ தெரியும்தானே?