விலை கொடுத்தவர் யார்?

1996இல் சங்கர் இயக்கிய 'இந்தியன்' படத்தை, புகலிட விண்ணப்பத்துக்குப் பதில் வருமென இலண்டனில் காத்திருந்த நாட்களில், வீடியோ நாடாவில் நாம் பார்த்தோம். இலஞ்சம் வாங்கிய சொந்த மகனையே கொன்ற கமல்ஹாசனின் சேனாபதித் தாத்தா நம்மை உலுக்கினார்.

2024 ஜூலை 12இல் திரைக்கு வந்த இரண்டாம் பாகமோ இரசிகர்களுக்குச் சலிப்பையே தந்தது. நீளமே குறையென்று 12 நிமிடங்களை வெட்டினர், சலிப்பு தீரவில்லை.

குறை வேறு. முதற் படத்தில் நீதியின் விலையைத் தாத்தாவே கொடுத்தார். இதிலோ, தைவானிலிருந்து திரும்பியவர், தத்தம் வீட்டைத் திருத்துமாறு இளைஞரை ஏவுகிறார். விலையை அவர்கள் கொடுக்கின்றனர். வருந்தி அழைத்த மக்களே படத்தில் அவரை விரட்டுகின்றனர். அரங்கிலும் அதுவே நிகழ்ந்தது.

தூர தேசத்திலிருந்து ஊருக்கு உபதேசிக்கும் நமக்கும் இது பாடமன்றோ?